நரி கேட்ட பங்கு

இல்லை, நான் கூட்டிச் சொல்லவில்லை. மனித நாகரிகம் நெருப்பிலோ சக்கரத்திலோ தொடங்கவில்லை. நாரின் என்னும் மலைப் பள்ளத்தாக்கில், எங்கள் வேட்டைச் சங்கத்தின் ஏழாம் விதியில்தான் தொடங்கியது. வேட்டை முடிந்து திரும்புகிறவனை யார் எதிர்ப்பட்டு 'ஷிரால்கா' என்று கேட்டாலும் பங்கு கொடுத்தாக வேண்டும். முன்னோர் வழக்கம்.

இந்த வழக்கத்தை எங்கள் தலைவர் துர்துபெக் அளவுக்குப் போற்றியவர் கிடையாது. ஞாயிறுதோறும் கணவாய்ச் சாலையில் நாற்காலி போட்டு, பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்து, இறங்கி வருகிற அத்தனை பேரிடமும் கேட்பார். பதினோரு வருடமாகத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமலேயே 'சிறந்த வேட்டைக்காரர்' கோப்பை வாங்குகிறார். அகிம்சையில் இதைவிட உயர்ந்த நிலை இருப்பதாகத் தெரியவில்லை.

நான் சங்கத்தின் செயலாளர். முதல் வருட உறுப்பினரும்கூட. வருடம் முடிவதற்குள் ஒரு கவுதாரியாவது அடிக்காவிட்டால் துப்பாக்கியைச் சங்கத்திடம் திருப்பித் தர வேண்டும். கடைசி ஞாயிறு, கடைசித் தோட்டா. அடித்தேன். சுட்டவனே நம்பாத சூடு அது.

எடுக்கப் போனால், கவுதாரிக்குப் பக்கத்தில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. கை தட்டினேன். கொட்டாவி விட்டது. என் கம்பளித் தொப்பியைக் கழற்றி வீசினேன். முகர்ந்து பார்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. புல் ஈரம், அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு ஒருமுறை குரல் கொடுத்தது, கவுதாரியைக் கவ்வியது, போனது. ஓடவில்லை. நடந்து போனது.

எதிர்ச்சரிவில் குதிரை மேய்த்துக்கொண்டிருந்த சைகல் அக்கா எல்லாவற்றையும் பார்த்திருந்தார். மறுநாள் அவசரக் கூட்டம். சிக்கல் நுட்பமானது. நரி பங்கு வாங்கியது என்றால் நான் வேட்டையாடிக் கொடுத்தவன், துப்பாக்கி எனக்கு. திருடியது என்றால் நான் வெறுங்கையோடு வந்தவன்.

"அக்கா, நரி கேட்டுச்சா இல்லையா, சொல்லுங்க" என்றேன்.

"வாயத் தொறந்து கேட்டுச்சுப்பா. நீதான் பேயறைஞ்ச மாதிரி நின்னே."

"என்னன்னு கேட்டுச்சு?" என்றார் தலைவர்.

"ஒரு சத்தம் போட்டுச்சு."

"சத்தம் போட்டா கேட்டதா ஆயிடுமா, சைகல்?"

"போன வாரம் நீங்க மட்டும் என்ன பண்ணீங்க தலைவரே? வாய் நெறைய ரொட்டிய வச்சுக்கிட்டு எம் புருசன்கிட்ட 'ம்ம்'னுதானே சொன்னீங்க. முயல் போச்சே."

தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி எல்தியார், விதியோட ஆன்மாவப் புரிஞ்சுக்கணும். பங்கு கேக்கறதுக்கு ஒரு தகுதி வேணாமா? அந்த நரி சுட்டுச்சா?"

"இல்லைங்க அண்ணே. ஆனா மலை ஏறி வந்துச்சு."

"சுடலைல்ல? எழுதிக்கோ. தான் ஒரு தோட்டாகூடச் செலவழிக்காம, சும்மா உட்கார்ந்து, அடுத்தவன் அடிச்சத வாங்கித் திங்கறது திருட்டு."

எழுதினேன். உறுப்பினர்கள் பதினேழு பேரும் தலைவரையே பார்த்தார்கள். பிறகு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். சைகல் அக்காவின் கணவர் இரண்டு கையையும் தூக்கினார். தலைவர் பெருமிதத்தோடு கையெழுத்துப் போட்டார்.

என் துப்பாக்கி போயிற்று. தீர்மானத்தைக் கணவாய்ச் சாலையில், அவர் நாற்காலி போடும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறேன். செயலாளரின் கடமை அது.

வெள்ளிக்கிழமை தலைவர் தேர்தல். இன்று காலை நரியைப் பார்த்தேன், என் தொப்பியைக் கவ்விக்கொண்டு கம்பீரமாகப் போனது. தலைவருக்கும் அதற்கும் தொழில் ஒன்றுதான்; ஆனால் நரி மலையேறி வந்து எடுத்தது, அதுவும் பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை. வேட்புமனு என் மேசைமேல் வெற்றாகக் கிடக்கிறது. நரி பேர எழுதிடட்டுமா, நீங்க என்ன சொல்றீங்க?