காலண்டரம்மா போட்ட மாலை

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் காலண்டரம்மாவிடமிருந்து தப்பித்த தேதி என்று ஒன்று கிடையாது. பிறந்த நாள், கல்யாண நாள், செத்த நாள், கிரகப்பிரவேசம், முதல் மாடிப் பையன் கோபித்துக்கொண்டு ஓடிப்போன நாள், பசித்ததும் அவன் திரும்பி வந்த நாள் எல்லாமே, இருபத்து நான்கு வீட்டுக்கும், அவர் தலைக்குள் இருந்தன. நோட்டுப் புத்தகம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. கையில் இருந்தது ஒரு மூங்கில் கூடை, அதன்மேல் ஈரத்துணி. அவ்வளவுதான்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பூக்காரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருகட்டத்தில் காலண்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் இன்னொரு விசேஷம் உண்டு. எங்கள் வீட்டு அழைப்புமணியை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. நாம் ஏதோ வேலையாகக் கதவைத் திறப்போம். எதிரே நிற்பார். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. கேட்டால், "இப்பத்தான் வந்தேன் சார்" என்பார். குப்பைக் கூடையோடு கதவைத் திறந்து, அவரைப் பார்த்து அலறி, குப்பையை என் காலிலேயே கொட்டிக்கொண்டது இதுவரை மூன்று முறை.

ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பிக் கீழே இறங்குகிறேன். கேட் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்.

"இன்னா சார், வெறுங்கையோட போய்கினு கீற?"

"ஏம்மா? லேப்டாப் இருக்கே."

"ஐய, லேப்டாப்ப தலைல வெச்சிக்குமா மாமி? இன்னிக்கி உன் கல்யாண நாளு சார்!"

அப்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. காலையில் காபி டம்ளர் மேஜைமேல் ஏன் அப்படி ஒரு சத்தத்தோடு வைக்கப்பட்டது, 'இட்லிக்கு என்ன சட்னி?' என்ற கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை, எல்லாம். இரண்டு முழம் மல்லியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

என் மனைவி பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போய் கேட்டை எட்டிப் பார்த்தாள்.

"காலண்டரம்மா சொன்னாளா?"

"சேச்சே! எனக்கே ஞாபகம் இருந்தது."

"ஆத்துல பொய் சொல்லிண்டு நிக்காதீங்கோ. பஸ்ஸுக்கு நாழியாறது" என்றாள். ஆனால் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இது போன வருஷம் அதே தேதியில் என் மனைவி வாங்கிய ரோஜாவை அவர் ஞாபகம் வைத்திருந்ததால் வந்த வினை. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் மாடி நாக்பூர்க்காரர் விஷயம் அப்படியில்லை.

அவர் நாக்பூரிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மனைவி போன பிறகு தனியாக இங்கே வந்து சேர்ந்தவர். யாரோடும் பேசமாட்டார். பூ வாங்கியதே இல்லை. ஒரு ஆடி மாதக் காலையில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்திருக்கிறார். காலண்டரம்மா கையில் சாமந்தி மாலையோடு நின்றிருக்கிறார்.

"இந்தாங்க, உங்க வூட்டம்மா படத்துக்கு."

நாக்பூர்க்காரர் அன்றைக்கு லிஃப்டைக்கூட மறந்து படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னிக்குத்தான் சார் அவ போனா. இந்த ஊர்ல ஒருத்தர்கிட்ட நான் சொன்னதில்ல. என் பொண்ணுக்கே ஞாபகம் இருக்கான்னு தெரியாது. இந்தம்மாவுக்கு யார் சொன்னா?"

நான் கீழே போய்க் கேட்டேன். காலண்டரம்மா மொட்டுகளை எண்ணி எண்ணி நாரில் வைத்தபடி சொன்னார். "போன வருசம் இதே ஆடில ஒரு நாளு, பெரியவரு பால்கனில ஒரு செவப்புப் பொடவய தொவச்சிக் காயப் போட்டாரு. தனிக்கட்டை வூட்ல பொடவை இன்னாத்துக்கு? மறுநாளு பூரா ஜன்னல தொறக்கல. நேத்தும் அதே பொடவை காஞ்சிகினு கீது. அப்ப இன்னிக்கித்தான."

இதை மேலே போய்ச் சொன்னேன். நாக்பூர்க்காரர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு, "மாலை கட்ட ஆணி இல்ல சார், உங்காத்துல இருக்கா?" என்றார்.

எங்கள் சங்கத்தின் செக்ரட்டரிக்கு மட்டும் காலண்டரம்மாவைக் கண்டால் ஆகாது. காரணம் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் லிஃப்டுக்கு ஏழெட்டுப் பேர் காத்து நிற்கும்போது, "இன்னா நைனா, தை வந்தா உனக்கு அறுவது. மாலைக்கு ஆர்டர் குடுக்காம கீற?" என்று கேட்டுவிட்டார். செக்ரட்டரி அதுவரை ஐம்பத்து நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீசைக்கும் அதற்கேற்றபடி மை போட்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "எந்த வீட்டுல யாரு என்னைக்கு இருப்பாங்க, என்னைக்கு இருக்கமாட்டாங்கன்னு அந்தம்மாவுக்குத் தெரியுது. இது செக்யூரிட்டி பிரச்னை" என்றார். காலண்டரம்மா உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது.

தடை பதினோரு நாள் நீடித்தது. அதற்குள் இரண்டு கல்யாண நாட்களும் ஒரு மாமனார் பிறந்த நாளும் மறக்கப்பட்டன. ஒரு வீட்டில் மூன்று நாள் சமையல் இல்லை. பன்னிரண்டாம் நாள் மாமிகள் ஊர்வலமாகப் போய் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கூடை திரும்பி உள்ளே வந்தது.

இத்தனையையும் நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் காணும் பொங்கல் வரும்வரை.

பொங்கல் நாட்களில் சென்னையைப் பார்த்திருக்கிறீர்களா? பாதி ஊர் சொந்த ஊருக்குப் போய்விடும். காணும் பொங்கல் அன்று மிச்சப் பாதியும் கடற்கரைக்குப் போய்விடும். கடற்கரையில் மண் தெரியாது. மற்ற தெருக்களில் ஆள் தெரியாது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவில் நின்றால், எங்கோ ஒரு வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் நின்றுவிட்டால் நம் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்போம்.

அதுவரை பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடும் நாங்கள் அந்த வருஷம்தான் போகவில்லை. அப்படி ஒரு மதியத்தில் காரை எடுக்கக் கீழே போனேன். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு தூணிலும் வீட்டு எண்ணை மஞ்சள் பெயின்டில் எழுதியிருப்பார்கள். என் தூணில் 2பி. அந்த 2பி-யைச் சுற்றி ஒரு சாமந்தி மாலை தொங்கியது. கீழே ஒரு அகல். ஒரு ஊதுவத்தி. ஒரு பொரி உருண்டை. ஊதுவத்தி அப்போதுதான் பாதி எரிந்திருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

படத்துக்குப் போடுகிற மாலை. படம் மட்டும்தான் இல்லை. அதற்குப் பதில் என் வீட்டு எண்.

நாள்தவறாத அந்தக் கைதான் போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நார் முடிச்சை நான் அறிவேன். காரை எடுக்கவில்லை. மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்க நம்பர் மேலயா?" என்று கேட்டுவிட்டு, பிரஷர் பார்க்கும் மிஷினைத் தேடப் போனாள். அது பெரிய ஆறுதலாக இல்லை.

மறுவாரம் ஈசிஜி எடுத்துக்கொண்டேன். டாக்டர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு எடுத்தீங்க?" என்றார். பூக்காரம்மா மாலை போட்டார் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றேன்.

நேரே காலண்டரம்மாவையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'ஆமா சார், அடுத்த தைதான்' என்று சொல்லிவிட்டால்? அவரும் வழக்கம்போல கேட்டில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒடம்ப பாத்துக்க சார்" என்றார். அதற்குமுன் அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. அந்த வருஷம் முழுக்க நான் எண்ணெய்ப் பலகாரம் தொடவில்லை. இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கு இரண்டு தடவை காட்டிக் கொடுத்தேன். தை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது.

அடுத்த காணும் பொங்கல் அன்று முடிவு செய்தேன். வருவது வரட்டும், விழித்துக்கொண்டே சந்திப்போம். பதினோரு மணிக்கே கீழே போய், காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கட்டடம் காலி. புறாக்கள்கூட எங்கோ போய்விட்டிருந்தன.

பன்னிரண்டு அடித்த பிறகு காலண்டரம்மா வந்தார். கூடையைக் கேட்டிலேயே வைத்துவிட்டிருந்தார். கையில் மாலை. பக்கத்துக் காம்பவுண்டு வேப்பமரத்தை ஒட்டிய எங்கள் மதிலருகே நின்றார். அங்கிருந்து ஒவ்வொரு அடியாக அளந்துவைத்து, தரையைப் பார்க்காமல் நடந்து வந்தார். எனக்கு அடுத்த தூணருகே வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பிறகு குனிந்தார்.

தாழ்ந்த வாசலுக்குள் நுழைகிறவர்கள் தலை இடிக்காமல் குனிவார்களே, அப்படி. அங்கே வாசலும் இல்லை, நிலையும் இல்லை. தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் கான்கிரீட். அவர் இடுப்பை வளைத்து, ஒரு கையால் இல்லாத எதையோ பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். வந்ததும் நிமிர்ந்தார்.

எப்படியோ கதவைத் திறந்து இறங்கி, "யம்மா!" என்று கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. திரும்பக்கூட இல்லை. "மெல்ல பேசு சார்" என்றார்.

எனக்கும் குரல் தானாக இறங்கிவிட்டது. "எனக்கு எதுக்கும்மா மாலை போடறே?"

இப்போது திரும்பினார். "உனக்கா? உனக்கு இன்னாத்துக்கு சார் மாலை? இது எங்க வூடு."

இந்தக் கட்டடம் வருமுன் இங்கே குடிசைகள் இருந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலி செய்யச் சொல்லி, எல்லோரையும் ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிப் பக்கம் குடியேற்றிவிட்டார்கள். அங்கிருந்துதான் தினமும் இரண்டு பஸ் மாறி இந்தக் கேட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த வேப்பமரத்துலேர்ந்து பதினாறு எட்டு சார். கண்ண மூடிகினு வந்தாலும் வந்துருவேன்" என்றவர், என் கார் பானெட்டின்மேல் மெதுவாகக் கை வைத்தார். "இங்கதான் பாய் போட்டு படுக்க வெச்சிருந்தேன். தேவின்னு பேரு. ஆறு வயசு. ஜொரம்."

நான் என்னை அறியாமல் காரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். நான்கு வருஷமாக அந்த இடத்தின்மேல் நான் காரை நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாருக்கும் லீவுன்னா எங்களுக்கு யாவாரம் சார். காணும் பொங்கலு, பீச்சாண்ட ஜனம் அலமோதும், ஒரு கூடை பூ ஒரு மணி நேரத்துல போயிடும். பக்கத்து வூட்டு அக்காவ பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன். 'சீக்கிரம் வாம்மா'ன்னுச்சு கொயந்த. திரும்பச்சொல்லோ கூட்டத்துல பஸ்ஸே இல்ல. நடந்தே வந்தேன். சாந்தோம் தாண்டற வரைக்கும் ஒண்ணியும் தெரில. தெருமுனைக்கு வந்தா, நம்ம வூட்டாண்ட ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க."

மாலையைத் தூணில் கட்டினார். அகலை ஏற்றினார். நான் அங்கேயே நின்றேன். கடைசியில், ஒரு வருஷமாக என்னை அரித்த அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அப்ப, போன வருஷம் ஒடம்ப பாத்துக்கன்னு சொன்னியே?"

"ஆமா. மூஞ்சி செத்த கோழி மாரி கீதேன்னு சொன்னேன். இன்னா சார், பயந்துட்டியா?"

"சேச்சே" என்றேன்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கட்டடத்தில் ஒரு மாமிக்குத் தெரிந்தது இருபத்து நான்கு வீட்டுக்கும் தெரிய எத்தனை நேரம் ஆகும்?

அதற்கு அடுத்து வந்த காணும் பொங்கல் அன்று காலையிலேயே என் காரை எடுத்துத் தெருவில் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், பக்கத்துத் தூணில் நிற்கும் செக்ரட்டரியின் ஸ்கூட்டரையும் காணோம். அவரே தள்ளிக்கொண்டு போய் வெளியே நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காததுபோலப் போனார். யாரோ அந்த இடத்தைக் கழுவிக் கோலமும் போட்டிருந்தார்கள். நாக்பூர்க்காரர் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு நானும் மனைவியும் கீழே இறங்கி, சற்றுத் தள்ளியே நின்றோம். காலண்டரம்மா அளந்து நடந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். முழங்கால் வலி போலிருக்கிறது, இந்தத் தடவை குனிய நேரமானது. மாலையைக் கட்டி முடித்துத் திரும்பியவர் எங்களைப் பார்த்தார்.

"இன்னா ரெண்டு பேரும் வாசல்லியே நின்னுகினு? உள்ள வாங்க."

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே போனாள். நான் கொஞ்சம் உயரம். அவளைவிட நன்றாகவே குனிந்தேன்.