புகைபோக்கி விதியை ஒழித்த சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது அப்படியே இருக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். நான்தான் வீட்டில் இல்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கும், தாளின் பின்பக்கத்தில் பூனையைப் பற்றி ஏதோ அச்சடித்திருப்பதற்கும் மன்னிக்கவும். காரணம் போகப்போகத் தெரியும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்த என்னை, தலைமை எழுத்தராக இருந்த அனுபவத்தை மதித்து, பழைய விதிகள் பரிசீலனைக் குழுவில் ஆறு மாதத்துக்கு உறுப்பினராகப் போட்டது தங்களுக்குத் தெரியும். மொத்தம் மூன்று பேர்: ஒரு தலைவர், ஒரு வக்கீலம்மா, நான். எந்தப் பழைய விதியை வைத்துக்கொள்வது, எதை ஒழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு வெள்ளை நாடா, ஒழிக்க வேண்டியதற்குச் சிவப்பு நாடா. நாடா கட்டுவது நான், வாதாடுவது வக்கீலம்மா, கையெழுத்துப் போடுவது தலைவர். நானும் சின்ன வயசிலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன்தான், ஆனால் அந்த விதிகளைப் படித்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றிவிட்டது சம்பந்தி. ஆவண அறையில் எலி பிடிக்க ஒரு பூனை இருக்க வேண்டுமாம், அது வராத நாளில் பதில் பூனைக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டுமாம். அலுவலக வாசலில் குதிரை கட்டும் வளையங்கள் எட்டு இருக்கின்றனவா என்று தினமும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதைப் படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு காவலாளி கையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். ‘எட்டும் உள்ளன’ என்று அன்றைய தேதி போட்டு எழுதியிருந்தார்! முப்பத்து நாலு வருஷமாக அதை வருகைப் பதிவேடு என்று நினைத்துக்கொண்டு தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். வளையம் ஒன்றுகூட இல்லை. ஏனய்யா எட்டு என்று எழுதுகிறீர் என்று கேட்டேன். “நேத்து எட்டு இருந்துச்சுன்னு எழுதியிருக்கே சார், இன்னிக்கு நான் எப்படிக் குறைக்கிறது?” என்றார்.

அன்றைக்கே எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஒன்றையும் விடக்கூடாது, எல்லாவற்றையும் வழித்துப் போட வேண்டும் என்று ஒரு படிவம் தயார் செய்தேன். ‘இந்த விதியில் சொல்லப்பட்ட பொருள் உங்கள் எல்லையில் உள்ளதா? ஆம் / இல்லை.’ அவ்வளவுதான். எல்லா அலுவலகத்துக்கும் அனுப்பி, ‘இல்லை’ என்று வந்தால் சிவப்பு நாடா. தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வக்கீலம்மா மட்டும், “சார், பொருள் இல்லாம இருக்கலாம், அதை நம்பி யாராவது இருக்காங்களான்னு ஒரு கேள்வி சேர்க்கலாமே” என்றார். படிவம் ரெண்டு பக்கம் ஆகிடும்மா என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் இதே கதைதான். நான் பரண் சுத்தம் பண்ணும்போதெல்லாம், “எதையாவது தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அடியில என்ன ஒட்டிக்கிட்டிருக்குன்னு பாருங்க”ன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. காது கொடுத்துக் கேட்டிருந்தா இன்னிக்கு இந்த நிலைமை வந்திருக்காது.

விஷயத்துக்கு வர்றேன். இன்னிக்கு மத்தியானம், அடுத்த சிவப்புக் கட்டைத் தலைவர் கையெழுத்துக்காக நாலாம் மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அதுல பூனை விதி இருக்கு, குதிரை வளையம் இருக்கு, குழு நடைமுறை ஒன்பதாம் விதின்னு உறுப்பினர்களோட உறவுமுறையைப் பத்தின ஒரு பழங்கால வெட்டிப் பேச்சும் இருக்கு. லிஃப்டுல ஏறினேன். மூணாம் மாடியைத் தாண்டினதும் ஒரு குலுக்கு. நின்னுடுச்சு. மணியை அழுத்தினேன். கால் மணி நேரத்துல மேலே, நாலாம் மாடித் தரைக்கும் லிஃப்டுக் கூரைக்கும் நடுவுல ஒரு கை அகல இடைவெளியில ரெண்டு முகம் தெரிஞ்சுது. ஒண்ணு லிஃப்டு மெக்கானிக். இன்னொண்ணு லிஃப்டு துணை ஆய்வாளர், அதாவது தங்கள் திருமகன், என் வருங்கால மாப்பிள்ளை! எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

“மாப்பிள்ளை, நல்ல நேரத்துல வந்தீங்க. திறங்க.”

“திறக்க முடியாது மாமா.”

“ஏன், பழுது பெரிசா?”

“பழுது ஒண்ணுமில்ல. ஒரு சீலை உடைச்சு நெம்புகோலை இழுத்தா ரெண்டு நிமிஷம். ஆனா ஆய்வாளர் முன்னாடிதான் சீலை உடைக்கணும்.”

“அதான் நீங்க நிக்கிறீங்களே?”

“நிக்கிறேன் மாமா. ஆனா இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணியிலேர்ந்து நான் ஆய்வாளர் இல்ல. புகைபோக்கி விதி ரத்தாகிடுச்சு.”

சம்பந்தி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓடினாலும் போக இடமில்ல. அடுமனைப் புகைபோக்கிகளோட உயரத்தை அளக்கறதுக்கு எந்தக் காலத்திலேயோ போட்ட விதி அது. போன மாசம் நான்தான் நாடா கட்டினேன், இழுத்து ரெண்டு முடிச்சாப் போட்டேன். அதுக்கும் இவருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கத்தினேன். பொறுமையாச் சொன்னார். ஊருக்கு லிஃப்டு வந்தப்போ புது விதி எழுதச் சோம்பல்பட்டு, ‘புகைபோக்கி ஆய்வாளரே இதையும் பார்ப்பார்’னு அடியில ஒரு வரி சேர்த்துட்டாங்களாம். இவர் பதவியே அந்த ஒரு வரியிலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சாம். அது இவருக்கே இன்னிக்குக் காலையில, பதவி போன தாள் மேஜைக்கு வந்தப்புறம்தான் தெரியுமாம்.

“அப்போ எந்த மடையன் என் படிவத்துல ‘இல்லை’ன்னு எழுதினான்?”

“நான்தான் மாமா. ஊர்ல புகைபோக்கி இருக்கான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு நாள் சுத்திப் பார்த்தேன், ஒண்ணுகூட இல்ல. பொய் எழுதச் சொல்றீங்களா?”

இப்படி ஒரு பிள்ளையை எப்படிய்யா வளர்த்தீங்க? தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளைன்னா இதுதானா? தண்ணி கேட்டேன், இடுக்கு வழியா பாட்டிலை இறக்கினார். “தண்ணி கொடுக்க அதிகாரம் வேண்டாம் மாமா”ன்னார். பிஸ்கட்டும் கொடுத்தார். ஒரு மணி நேரமா வெறுந்தரையில படுத்துக்கிட்டு, பயப்படாதீங்க மாமா, காத்து வருது மாமான்னு சொல்லிக்கிட்டே இருக்கார். ஆனா சீல்கிட்ட மட்டும் கை போகமாட்டேங்குது. கோபத்துல பல்லைக் கடிக்கிறேன், அதே சமயம் இந்த மாதிரி ஒரு மனுஷனை மாப்பிள்ளையா அடையக் கொடுத்து வைக்கலையேன்னு வயிறு எரியுது.

ஏன்னா தாங்கள் பெண் பார்க்க வந்த அன்னிக்குச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு. “என் பையன் உத்தியோகத்தை எவனாலும் அசைக்க முடியாது”ன்னீங்க. அசைச்சவன் நான். கல்யாணத்துக்கு இன்னும் முப்பது நாள்தான் இருக்கு. பத்திரிகை அறுநூறு அடிச்சாச்சு, பேருக்குக் கீழே ‘துணை ஆய்வாளர்’னு தடிச்ச எழுத்துல போட்டாச்சு. ஒரு எழுத்துகூடப் பிழை இருக்கக்கூடாதுன்னு அத்தனையும் தாங்கள்தான் வாங்கி அலமாரியில வச்சிருக்கீங்க. இப்போ அந்த ஒரு வார்த்தையே பிழையாப் போச்சு. மாப்பிள்ளை என் மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாராம். “உத்தியோகத்தையா கட்டிக்கப் போறேன்?”னு சிரிச்சாளாம். அவ சிரிப்பா. ஆனா பெரியவங்க பேசினது பேசினதுதான். அதனால முழு மனசோட எழுதிக் கொடுக்கிறேன்: வேலையில்லாத பிள்ளைக்கு, அதுவும் அந்த வேலையைப் பிடுங்கினவன் வீட்டில, சம்பந்தம் வேண்டாம்னு தாங்கள் நினைத்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். முக்கியமான விஷயத்தைப் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று தாங்கள் அடிக்கடி சொல்வதால், மாப்பிள்ளை தன் போனை நீட்டியும் வாங்காமல், கையிலிருந்த பூனை விதியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். தங்கள் குடும்பம் எந்தக் குழுவின் கண்ணிலும் படாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவிலிருந்து,
தங்கள் சம்பந்தி (இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்)

பின்குறிப்பு: சம்பந்தி! கிழிச்சிடாதீங்க! மேலே எழுதினது ஒண்ணையும் மனசுல வச்சுக்காதீங்க. என்னைத் தேடிக்கிட்டு வக்கீலம்மா இப்பத்தான் வந்தாங்க. விஷயத்தைக் கேட்டுட்டு, “சார், இவர் உங்களுக்கு என்ன வேணும்?”னாங்க. காலை வரைக்கும் மாப்பிள்ளைம்மான்னேன். “அப்போ ஒன்பதாம் விதி எங்கே?”ன்னாங்க. என் மடியில இருக்குன்னேன். “தலைவர் கையெழுத்து ஆகலையே?”ன்னாங்க. எப்படிம்மா ஆகும், லிஃப்டு நின்னுடுச்சேன்னேன். அந்தம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் வெட்டிப் பேச்சுன்னு எழுதினேனே, அந்த விதி சொல்றது இதுதான்: குழு உறுப்பினரோட சொந்தக்காரர், பேசி முடிச்ச சம்பந்தமா இருந்தாலும் சரி, யாராவது பாதிக்கப்பட்டா அந்த முடிவே செல்லாது. லிஃப்டு ஒழுங்கா ஓடியிருந்தா அந்த விதியையும் நான் ஒழிச்சிருப்பேன். சிவப்பு நாடாவை இப்பவே பல்லால அவிழ்த்துட்டேன்.

ஆகவே, கல்யாணம் உண்டுன்னா நான் சொந்தக்காரன். சொந்தக்காரன்னா ரத்து செல்லாது. செல்லாதுன்னா உங்க பிள்ளை ஆய்வாளர். ஆய்வாளர்னா நான் வெளியே வரலாம். ஆனா சம்பந்தம் பேசி முடிச்சதுக்கு எழுத்துல ஆதாரம் வேணுமாம், அது கையில வந்தாதான் சீலை உடைப்பேன்னு தங்கள் பிள்ளை சொல்லிட்டார். இருக்கிற ஒரே ஆதாரம் தங்கள் அலமாரியில இருக்கு. ஒரே ஒரு பத்திரிகை, கிழிச்சிருந்தா ஒட்டியாவது கொடுத்தனுப்புங்க. மாப்பிள்ளையையே அனுப்பலாம்னு பார்த்தேன், “இதுல நான் சம்பந்தப்பட்டவன் மாமா, நான் போகக்கூடாது”ன்னுட்டார். அதனால மெக்கானிக் வர்றார். வழக்கம்போல உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு அவரைப் பிடிச்சு வச்சுக்காதீங்க. லிஃப்டு சாவி அவர் சட்டைப் பையிலதான் இருக்கு.