ஜவ்வாது மலை உப்புப் படலம்

புவியியல் வரலாற்றில் இனி இரண்டே காலங்கள்தாம்: எங்கள் ஆய்வுக் குழு ஜவ்வாது மலைக்கு வருவதற்கு முன், வந்த பின். அக்குழுவில் குறிப்பெடுக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

புது ரோடு முதல் மழையிலேயே பாய் மாதிரி மடிந்துபோனது ஏன்? இதுதான் எங்கள் முன் நின்ற மர்மம். குழுத் தலைவர் தனசேகரன், ரோடு போட்டவரையோ தாரையோ சந்தேகிக்கும் அற்பர் அல்லர். ரோட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். உப்பு என்று முடிவு வந்தது.

ஊரைக் கூட்டி விளக்கினார்.

"பூமிக்கடியில உப்புப் படலம் இருக்குது. உப்பு மெத்துனு இருக்கும். மலை தள்றப்ப மேல இருக்கிறதெல்லாம் அதுமேல வழுக்கி மடிஞ்சிடும். வடக்க இருக்கிற பனிமலை அடிவாரத்துலயே இப்படித்தான். ரோடு மேல தப்பே இல்ல."

பாஞ்சாலை எழுந்தார். அவர் மகள் காவியாவுக்கு நிறைமாதம். மடிந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் ஏறாதே என்பது அவர் கவலை.

"சார், அது நாங்க புளிக்குப் போட்ட உப்புங்க. வண்டிதான் வர்றதில்லியேன்னு ரோட்டுலயே புளிய காயவெச்சு உப்பு போட்றோம்."

"அப்போ உப்பு இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

"இருக்குதுங்க. ஆனா..."

"எழுதிக்குங்க," என்றார் தலைவர் என்னிடம். எழுதினேன்: உப்பு இருப்பதைப் பொதுமக்களும் உறுதி செய்தனர்.

"என் பொண்ணுக்கு வலி வந்தா இன்னா பண்றதுங்க?"

"மலை நகர்றது நிக்கட்டும்மா. அப்புறம் போட்ற ரோடு மடியாது."

"எப்ப நிக்கும்?"

"சில கோடி வருஷத்துல." பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

காவியாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மறு வாரமே வலி கண்டது. போர்வையைக் கம்பில் தூளியாகக் கட்டி, அதில் அவளைத் தூக்கிக்கொண்டு ஊரார் நடந்தார்கள். ரோட்டின் மூன்றாவது மடிப்பில் ஏற முடியாமல் இறக்கி வைத்தபோது, அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தது எங்கள் குழுவின் சாதனை அல்ல என்பதை அடக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்துப் பாஞ்சாலை எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"பொறந்த எடம் ரோடுன்னு சொன்னா கொழந்த பொறப்ப பதிய மாட்டேன்றாங்க சார். அங்க ரோடே இல்லியாம்."

தனசேகரனுக்கு வந்ததே கோபம்.

"எவன் சொன்னான்? ஏம்மா, ரோடு முடிஞ்சிது, தரமா இருக்குதுன்னு கையெழுத்து போட்டதே நான்தான்."

தோண்டாமலேயே பூமிக்கடியில் உப்பைக் கண்ட எங்கள் குழு, அந்தக் கையெழுத்துக்கு அடியில் ஜல்லி இருக்கிறதா என்று மட்டும் தோண்டிப் பார்க்கவில்லை.