கரண்டிக்குள் இருந்த முகம்

கணபதி என்ற பகுதியில் நான் குடியிருந்த காலத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூடக் கரண்டிக்காரருக்குப் பயந்தார்கள். நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். கடைசி வீட்டில் அவர். மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. ஞாயிறு மதியம் வாசலில் போர்வையைக் கட்டி, பின்னால் உட்கார்ந்து பொம்மலாட்டம் போடுவார். பொம்மை என்றால் என்ன பொம்மை? ஓர் எவர்சில்வர் கரண்டி, பழைய துண்டில் ஒரு சட்டை, பட்டறையில் மிஞ்சிய செம்புக் கம்பியில் தலைமுடி. கண், மூக்கு எதுவும் வரைய மாட்டார். கரண்டியின் முதுகைப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். அது நம் பக்கம் திரும்பினால் நம் மூஞ்சியே கோணலாக இளிக்கும். இதைப் போய் பொழுதுபோக்கு என்று எவனாவது சொல்வானா?

மனிதர் வாயே திறக்க மாட்டார். பொம்மைதான் பேசும்.

ஒருமுறை, ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா ஆட்டத்துக்கு நடுவே வந்து கத்தினார். "ஏனுங்க, இது குடும்பம் இருக்கற எடமா, கூத்துக் கொட்டாயா?"

கரண்டி மெல்லத் திரும்பியது. "அம்மணி, அரிசி களைஞ்சு போட்டியா?"

"ஆச்சுங்கத்தே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது அவர் மாமியார் குரல். அந்த மாமியார் செத்த பிறகுதான் கரண்டிக்காரர் அங்கே குடியே வந்தார். வீட்டுக்காரம்மா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. கேட்டு வரவும் இல்லை.

அப்புறம் என் முறை. எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் பெரிய சண்டை. அவள் அவிநாசிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிடாமல் வர மாட்டேன் என்று அவள். கூப்பிட மாட்டேன் என்று நான். மாதம் தாண்டியது. அவள் பாத்திரங்களை எடுத்துப் போக வண்டியோடு வருவதாக அவள் அண்ணன் சொல்லி அனுப்பினான். அவை போனால் அவளும் போன மாதிரிதான். தெரிந்தும் பஸ் ஏற வீம்பு விடவில்லை.

அந்த ஞாயிறு, நீலப் பூப்போட்ட துணி கட்டிய ஒரு கரண்டி வந்தது. சரசுவின் கிழிந்த நைட்டித் துணி. அது என்னைப் பார்த்தது. உள்ளே என் மூஞ்சி. குரல் அவளுடையது.

"நாளைக்கு வாரனுங்க. தண்ணி புடிச்சு வெய்யுங்க."

கொளுத்துகிற வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது. "யோவ், கையை முறிச்சுப் போடுவேன்!" என்று பாய்ந்து போர்வையைப் பிடுங்கினேன். அவர் வாய் இறுக மூடியிருந்தது. கரண்டி மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், சரசு பையோடு வாசலில் நிற்கிறாள்.

"உன்னை யார் கூப்பிட்டது?"

"நீங்கதானுங்க."

"நானா?"

"சனிக்கெழமை கடைசி ஊட்டு அண்ணன் ஒரு கரண்டியோட அவிநாசிக்கு வந்தாருங்க. உங்க காக்கிச் சட்டைத் துணிய அதுக்குத் தெச்சுப் போட்டிருந்தாரு. அச்சு அசல் உங்க குரலு. 'நான் செஞ்சது தப்பு, ஊட்டுக்கு வா கண்ணு'ன்னு அளுதுச்சு. எங்கண்ணனே அளுதுபோட்டாரு."

"நான் அப்படியெல்லாம் பேசற ஆளா?"

"அதுக்குத்தானுங்க வந்தேன். உங்க வாயால நீங்க அப்படிச் சொல்லி நான் எப்பக் கேக்கறது?"

நேராகக் கடைசி வீட்டுக்குப் போனேன். அறையத்தான் போனேன். "சாப்பிட வாங்க" என்றேன். என் வாயில் அது எப்படி வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாப்பிடும்போதும் அந்த மனிதர் பேசவில்லை. கை கழுவ எழுந்து போனதும் சரசு சொன்னாள், "நாளையிலிருந்து அண்ணனுக்கும் சேத்தே ஒலை வெக்கறனுங்க."

"கொஞ்சம் தாராளமாவே வை" என்றேன்.