வாளுக்கு எந்த ஊர்?

திருப்புலிவனம்

மரியாதைக்குரிய மச்சான் கிருஷ்ணசாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அம்முலுவும் கறவை மாடும் சுகம். அங்கே அண்ணியின் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

மஸ்கட்டில் உங்கள் முதலாளி பரிசாகக் கொடுத்த பழைய வாளை, அண்ணி பயப்படுகிறார் என்று போன மாதம் லீவில் வந்தபோது எங்களிடம் விட்டுப்போனீர்கள் அல்லவா? அம்முலு அதற்குக் குங்குமம் வைத்து டிவிக்கு மேலே மாட்டினாள். பார்த்தவர்கள் பேசி, பேச்சு ஸ்டேஷனுக்குப் போய், சுதா என்ற போலீஸம்மா வந்து, "பயப்படாதீங்கண்ணா, எந்த ஊரு வாளுன்னு இந்த ஃபாரத்துல எழுதிக் குடுங்க, போதும்" என்றார். நான் மஸ்கட் என்று எழுதப்போனேன். "தப்பா எழுதினா கேஸாயிடும், தெரிஞ்சவங்களக் கேட்டுக்கினு வாய்யா" என்று அம்முலு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

வாளைப் பாயில் சுருட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். மியூசியத்தில் வேலை பார்த்து ரிட்டையரான முத்துகிருஷ்ணன் ஐயா அதை உருவி அரைமணி நேரம் பார்த்தார்.

"அலகு, அதான் வெட்டுற தகடு, ஜெர்மனிப்பா. அந்தக் காலத்துல அங்கேர்ந்து அலகு மட்டும் அரபு நாட்டுக்குப் போவும். கைப்பிடி, விரலு மறைக்கிற காப்பு இல்லாம நீளமா உருண்டையா கீது பாரு, அது ஓமன் கட்டு. உறையில வெள்ளி வேலை ஏமன்."

"அப்ப வாளு எந்த ஊருங்க?"

"அதத்தானே சொல்லிக்கினு கீறேன்!"

திரும்பும் வழியில் எனக்கே நான் எந்த ஊர் என்று சந்தேகம் வந்துவிட்டது, மச்சான். பிறந்தது தாமல், படித்தது உத்திரமேரூர், ஓட்டு திருப்புலிவனம். ஆதார் கார்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஃபாரத்தில் இருந்தது ஒரே கட்டம். அதற்குள் பொடி எழுத்தில் ஜெர்மனி, ஓமன், ஏமன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று திருப்புலிவனத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். இன்று சுதாம்மா போன் செய்து, "அண்ணா, நாலு வாள்னு கம்ப்யூட்டர்ல ஏறிக்கீது. மீதி மூணு எங்க வச்சிக்கீறீங்க?" என்கிறார். நாளைக்கு வந்து பார்ப்பார்களாம். இல்லாத மூன்று வாளுக்கு நான் எங்கே போவேன்? அம்முலு சமையலறைக் கத்திகளை வைக்கோல்போரில் ஒளித்துவிட்டு, வெங்காயம் நறுக்காமல் குழம்பு வைக்கிறாள். கொடுத்தது ஒரே வாள்தான் என்று முதலாளியிடம் கடுதாசி வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. புலிவனத்து ஈசன் உங்கள் குடும்பத்தையும், நேரமிருந்தால் என்னையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கலங்கிய நிலையில்,
முனிரத்தினம்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது முத்துகிருஷ்ணன் ஐயா போன் செய்தார். அன்று அவர் போட்டிருந்தது வீட்டம்மாவின் மூக்குக் கண்ணாடியாம். சொன்னது எதுவும் செல்லாதாம், வாளை மறுபடி கொண்டுவரச் சொல்கிறார். ஆகவே மேலே வரும் நாடுகளையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.