பூசையில் இடமில்லாத ஸ்பேனர்கள்

மலாக்கா மாநிலத்திலேயே சுத்தியலைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, மூலை வீட்டில் குடியிருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் கல்யாணமாகி நான் இந்த நியாலாஸ் ஊருக்கு வந்த நாளிலிருந்து பாசார் மாலாம் அங்கிள் என்ற பெயரைத்தான் கேட்டிருக்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை டவுனில் கூடும் இரவுச் சந்தைதான் பாசார் மாலாம். நாங்கள் எல்லாம் அங்கே மீனும் கீரையும் வாங்கப் போவோம். அங்கிள் ஸ்பேனர் வாங்கப் போவார். சந்தையின் கடைசியில் ஒரு தார்ப்பாய் விரித்து, பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் எல்லாவற்றையும் நெத்திலிக் கருவாடு மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். அங்கிள் அதன் எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு பிளேயரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் சாத்தே இறைச்சி சுடும் புகை, மேலே மஞ்சள் பல்பு, எங்கிருந்தோ ஒரு மலாய்ப் பாட்டு. நான் மீன் வாங்கி, பிள்ளைக்குச் செருப்பு வாங்கி, செருப்பு சேரவில்லை என்று மாற்றிக்கொண்டு திரும்பி வரும்போதும் அதே பிளேயரோடுதான் இருப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன், என்ன அங்கிள் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று.

"இத பாரேன்மா. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. செஞ்சவன் தூக்கக் கலக்கத்துல செஞ்சிருக்கான். அவன் வீட்டுல என்ன பிரச்சினையோ, பாவம்லா."

அந்தக் கோணல் வாய்ப் பிளேயரைத்தான் வாங்கினார். நேரான வாய் உள்ள பிளேயர்கள் பக்கத்திலேயே கிடந்தன. அவற்றை யாராவது வாங்கிவிடுவார்களாம்.

இப்படிச் சேர்த்த சாமான்களை வைத்து அவர் பெரிய மெக்கானிக் வேலை பார்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். ரிப்பேர் வேலையில் எனக்கு என்ன தெரியுமோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அவருக்குத் தெரியும். என் அடுப்படி அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது என்று ஒருமுறை அவரைக் கூப்பிட்டேன். வந்தார். திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மூச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். திருகாணி அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனைதான் முறுக்கிக்கொண்டு வந்தது. அதை சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ்கிரீம் கோன் மேலே இப்படித்தான் சுழித்துக் கொடுப்பார்கள், அழகாக இருக்கிறது இல்லையா என்றார். பிறகு தே கலக்கச் சொல்லிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கதவு இன்றைக்கும் தொங்குகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டு கேட்டில் ஒரு துணிப்பை மாட்டியிருக்கும். சாமான்கள் எல்லாம் அதற்குள்தான். யாருக்கு என்ன வேண்டுமோ, கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். திருப்பி வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. பாதிப் பேர் வைக்க மாட்டார்கள். "எங்க போயிருக்குமோ, அது போற இடத்துல நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். ஆன்ட்டி, அதாவது அவர் மனைவி, இந்த மனுஷனை ஏன் எவனும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறான் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

எங்கள் தாமானில் இதற்கு நேர் எதிர்க் கட்சி மணியம் அண்ணன். நாலைந்து லோரி வைத்துப் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுபவர். அவரிடம் இருப்பது அத்தனையும் ஜெர்மன் சாமான். சிவப்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, பெட்டி இருக்கும் அறைக்கு இன்னொரு பூட்டு. ஒரு ஸ்பேனர் இரவல் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டார். மகளைப் புகுந்த வீட்டில் விடப் போகிறவர் மாதிரி அதன் கூடவே வருவார். வேலை முடியும் வரை கண் கொட்டாமல் நிற்பார். முடிந்ததும் துடைத்து எடுத்துக்கொண்டு போவார். அந்த ஸ்பேனரும் சும்மா சொல்லக் கூடாது, ஒரே திருப்பில் காரியத்தை முடித்துவிடும். என் வீட்டுக்காரர் மணியம் கட்சி. தன் ஒரே ஒரு ஜெர்மன் ஸ்க்ரூ டிரைவரை என் கண்ணில் படாமல் பழைய வேட்டிக்குள் சுற்றி வைத்திருக்கிறார். மலிவுச் சாமான் வாங்குகிறவன் ரெண்டு தடவை வாங்குவான் என்பார். அங்கிள் காதில் விழுந்தால், ரெண்டு தடவை சந்தைக்குப் போகலாம் இல்லையா என்று சந்தோஷப்படுவார்.

அங்கிளுக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. வருடா வருடம் மணியம் அண்ணன் லோரிக் கொட்டகையில்தான் எங்கள் தாமானின் ஆயுத பூசை. ஆளாளுக்குத் தங்கள் சாமான்களைக் கழுவிக் கொண்டுவந்து வாழை இலையில் வரிசையாக வைப்போம். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்துத் தீபாராதனை காட்டியாகிவிட்டால் மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடக் கூடாது. அங்கே தன் பிளேயருக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்பதுதான் அங்கிள் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை. ஒரு வருடம் வைக்கவும் செய்தார். பூசாரி ஐயா சந்தனம் பூச அவருடைய சுத்தியலைத் தூக்கினார். கைப்பிடி மட்டும்தான் மேலே வந்தது. தலை கழன்று, பக்கத்தில் இருந்த கேசரிச் சட்டிக்குள் போய் அமைதியாக அமிழ்ந்துவிட்டது. கேசரி வீணானதில் மணியம் அண்ணனுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அன்றோடு பாசார் மாலாம் சாமான்களுக்குப் பூசையில் இடமில்லை என்று சட்டமாகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அங்கிள் பையோடு வந்து கொட்டகைக்கு வெளியே நிற்பார். ஊதுவத்திப் புகைக்குள் மினுங்கும் ஜெர்மன் ஸ்பேனர்களைக் கனவு காண்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு பொட்டு வைத்தால் மணியம் அண்ணன் சொத்தா குறைந்துவிடும் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போடுவேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடப் பூசையில் தீபாராதனை முடிந்து, லோரிகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நேரம். முன்னால் போக வேண்டிய லோரி பழத்தின் மேல் ஏறிய சந்தோஷத்தில் பின்னாலும் வந்து, சுவரோரம் இருந்த தண்ணீர்க் குழாயைச் சாய்த்துவிட்டது. தண்ணீர் கொட்டகைக் கூரைவரை அடித்தது. தரையில் விழுந்த தண்ணீர் நேராகப் பூசையைப் பார்த்து ஓடியது. மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வை மூட வேண்டும். அதன் கைப்பிடி எந்தக் காலத்திலோ உடைந்து போனது. ஸ்பேனர் போட்டுத்தான் திருப்ப வேண்டும். தாமானில் உள்ள அத்தனை ஸ்பேனரும் அந்த நேரத்தில் பொட்டும் பூவுமாகச் சாமியாக இருந்தன.

மணியம் அண்ணன் கை ஜெர்மன் ஸ்பேனர் வரை போனது. பூசாரி ஐயா அவரைப் பார்த்தார். கை திரும்பி வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். தண்ணீர் முதல் இலையைத் தொட்டது.

"நம்மகிட்ட சாமான் இருக்கு" என்று வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. "பூசைக்கு வெக்காத சாமான்தான். பரவால்லயா?"

அங்கிள் நனைந்துகொண்டே வால்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஸ்பேனர் கால் சுற்று திருப்பிவிட்டு வாயைப் பிளந்தது. இரண்டாவது அதிலிருந்து கொஞ்ச தூரம் கொண்டுபோய்விட்டுப் பல்லை இழந்தது. கோணல் வாய்ப் பிளேயருக்குக் கைப்பிடி ரப்பர் கழன்று வந்தது. ஒவ்வொன்றும் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு உயிரை விட்டது. அங்கிள் ஒவ்வொன்றையும் பக்கத்தில் மெதுவாகப் படுக்க வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பை கிட்டத்தட்டக் காலியாகும்போது தண்ணீர் நின்றது.

மணியம் அண்ணன் ரோஷக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். எல்லார் முன்னாலும் அங்கிள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருடம் உங்கள் சாமான்தான் முதல் இலையில் என்று சொல்லிவிட்டார். அங்கிள் சிரித்தார். வருடம் முழுக்க அந்தச் சிரிப்போடுதான் சந்தைக்குப் போய் வந்தார்.

போன வருடம் பூசைக்கு அந்த முதல் இலையை நானே துடைத்து விரித்தேன். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கிள் சலவைச் சட்டையும் திருநீறுமாக வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பை மோட்டாரில் தொங்கிக்கொண்டிருந்தது. இலைக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"நான் வெக்கல மணியம்" என்றார். "பூசையில வெச்சுட்டா நாளைக்குக் காலைல வரைக்கும் எடுக்க முடியாதுல்ல? எல்லார் சாமானும் இங்க வந்துருச்சு. யாருக்காச்சும் எதாச்சும் ஒன்னுன்னா, ஒரு செட்டாவது வெளிய இருக்கணும்லா."

மணியம் அண்ணன் அந்த இலையை எடுக்கச் சொல்லவில்லை. வெறும் இலைக்கே சந்தனம் வைத்துப் பூசையை ஆரம்பிக்கச் சொன்னார்.

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. செம்பனை மரங்களுக்கு மேலே பனி மாதிரி ஏதோ இறங்கியிருந்தது. அங்கிள் குடை பிடித்துக்கொண்டு, மோட்டார் மேல் உட்கார்ந்து, பையைத் தடவியபடி யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. எனக்குத்தான் வீட்டுக்குப் போய் எதையாவது உடைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நிற்கலாம் போல் இருந்தது.