கேமராவுக்கு வெள்ளை காட்டிய கதை

ஒழுங்காக நாட்குறிப்பு எழுதுகிறவன் செய்யும் தவற்றில் ஒரு வசதி உண்டு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு முட்டாளாக இருந்தோம் என்று பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். 2009 சம்பாவில் என் மச்சானின் வயலை நான் கெடுத்த விவரம், ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் என்னிடம் இருக்கிறது.

மச்சான் செல்வம், என் மனைவி சுமதியின் தம்பி. சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் முதல்முறையாகத் தனியாகப் பயிர் வைத்திருந்தான். அவன் மனைவி கெடு விதித்திருந்தாள். இந்த விளைச்சல் சரியில்லை என்றால் மறுபடி சென்னைதான்.

நான் கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்த கணக்கு வாத்தியார். புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். இலையைப் படமெடுத்து, அதன் நிறத்தைக் கம்ப்யூட்டரில் அளந்தால், பயிருக்குத் தழைச்சத்து போதுமா என்று சொல்லிவிடலாம் என ஒரு பத்திரிகையில் படித்தேன். பச்சையம் குறைந்தால் இலை மஞ்சளாகும், மஞ்சளானால் யூரியா. அவ்வளவுதான். (அவ்வளவுதானா என்று யாராவது அன்றே கேட்டிருக்கலாம்.)

செல்வத்திடம் இதற்கென்றே ஒரு சாமான் இருந்தது. வேளாண் அலுவலகத்தில் கொடுத்த இலை வண்ண அட்டை. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் போட்ட பிளாஸ்டிக் அட்டை. அதன்மேல் இலையை வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும்.

“கண்ணாலயா?” என்று சிரித்தேன். “கண்ணுக்கு டெசிமல் தெரியுமா மச்சான்?”

“தெரியாது மாமா” என்றான், பாவம்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பாதையோரத்து ஏக்கரில் ஆஜராவேன். செல்வம் இலையைப் பிடித்துக்கொள்வான். நிறம் பிசகாமல் இருக்க, முதலில் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்குக் கற்றுக்கொடுக்கும்படி கையேடு சொல்லியது. என் வேட்டி ஒன்றை நாலாக மடித்து வரப்பில் விரித்தேன். முதல் வாரம் அதில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. இது அறிவியல், இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று சுமதியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் சொன்னேன். போகப்போக வேட்டி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. எனக்குப் பரம திருப்தி.

ஆனால் பயிரின் பச்சை அளவுகள் வாராவாரம் இறங்கின.

“மாமா, அட்டையில பச்சை ஜாஸ்தியாத்தான் காட்டுது.”

“அட்டை கிடக்குது. கம்ப்யூட்டர்ல மஞ்சள் ஏறுது. யூரியா போடு.”

“போன வாரந்தான போட்டேன்?”

“அது பத்தலைன்னு அர்த்தம்.”

பயிர் தளதளவென்று வளர்ந்தது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (பரிதாபம் என்று பிறகுதான் தெரிந்தது. யூரியா மிஞ்சினால் பயிருக்குப் புழு சேரும், தண்டும் வலுவில்லாமல் சாயும்.) முதலில் இலைச்சுருட்டுப் புழு வந்தது. கதிர் வெளிவந்த நேரத்தில் இரண்டு நாள் காற்றும் மழையும். பாதையோரத்துப் பயிர் மொத்தமாகப் படுத்துவிட்டதாகச் செல்வம் போன் செய்தான்.

கணக்கில் எங்கே பிசகு என்று தேடி, படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த சுமதி அப்படியே நின்றாள்.

“ஏங்க, என் தம்பிக்கு இன்னா உடம்புக்கு?”

“ஒண்ணுமில்லையே.”

“கையைப் பாருங்க. மொதப் படத்துல நல்லாத்தான் இருக்குது. வரவர மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி ஆயிட்டான்!”

ஏழு வாரமும் நான் இலையை மட்டுமே அளந்திருந்தேன். அதைப் பிடித்திருந்த கை என் கண்ணில் படவே இல்லை.

“வேட்டிக்கு என்ன போட்ட?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“சொட்டு நீலந்தான். வெள்ளை பத்தல, வெள்ளை பத்தலன்னு உசுரை வாங்குனீங்களே. வாராவாரம் ரெண்டு சொட்டு கூட வுட்டேன்.”

நீலம் ஏறிய வேட்டியை வெள்ளை என்று நம்பிய கேமரா, படத்திலிருந்து நீலத்தைக் கழித்திருந்தது. நீலத்தைக் கழித்தால் எல்லாம் மஞ்சளடிக்கும். இலையும் மஞ்சள், மச்சானும் மஞ்சள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வயலுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஒப்பித்தேன். செல்வம் பொறுமையாகக் கேட்டான்.

“ஒரு ஏக்கர்தான் போச்சு மாமா. அந்தாண்ட பாருங்க.”

உள்ளே இருந்த ஏக்கர், சற்றுக் குட்டையாக, நிமிர்ந்து நின்றது.

“அங்க நீ யூரியா போடலையா?”

“மூணாந்தடவையிலேருந்து போடல. அட்டை வேணாம்னுச்சு. நீங்க வேணும்னீங்க. மரியாதைக்கு ஒரு ஏக்கர், பயத்துக்கு ஒரு ஏக்கர்னு பிரிச்சுக்கினேன்.”

படுத்துக்கிடந்த பயிரைவிட அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. பார்க்கத் தெரிந்த ஒருவனை என் டெசிமல் புள்ளிகள் வாய் திறக்க விடாமல் செய்திருந்தன. அன்றிரவு நாட்குறிப்பில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கத்தைக் காலியாக விட்டேன்.

நின்ற ஏக்கர் அவனைக் காப்பாற்றியது. அவன் மனைவி கெடுவை நீட்டினாள். நான் இனி வயலில் கால் வைக்கக் கூடாது என்பது புது நிபந்தனை. செல்வம் இன்றும் அங்கேதான் பயிர் வைக்கிறான்.

வீட்டு விசேஷங்களில் நான் கேமராவை வெளியே எடுத்தால் போதும். செல்வம் எங்கிருந்தாலும் வந்து, எல்லோருக்கும் முன்னால் உள்ளங்கையை நீட்டுவான்.

“மொதல்ல கையைப் பாத்துக்குங்க மாமா. நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எடுங்க.”